சளிக்கு இஞ்சி: சீன வைத்தியத்தின் நிபந்தனைகளையும் சேர்த்து வெளியிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த, சளிக்கான சீன இஞ்சி வைத்தியம் பற்றிய குறிப்பைப் படித்தேன். சீனர்கள் ஈராயிரம் ஆண்டுகளாகச் சளிக்கும் காய்ச்சலுக்கும் இஞ்சியைக் கொதிக்கவைத்துக் குடித்து வருகிறார்கள் என்றும், இஞ்சியோ சுக்கோ எது கைக்குக் கிடைத்தாலும் தட்டிப் போட்டு, உடல் நனைய வியர்க்கும் வரை திரும்பத் திரும்பக் குடித்தால் எந்தக் காய்ச்சலும் இறங்கிவிடும் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. அரசு மருத்துவமனையில் மருந்தாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். மலேசியாவின் ஈப்போ நகரில் சீனக் குடும்பங்களுக்கு நடுவிலேயே வாழ்ந்து, அவர்களுடைய கண்டனீஸ் மொழியையும் ஓரளவு பேசப் பழகியவள். அந்த வைத்தியத்தின் மீது எனக்கு மதிப்பு உண்டு. அந்த மதிப்பினால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

குறிப்பில் சொல்லப்பட்ட பொருள் சரி, முறைதான் தவறு. சீன மருத்துவம் இஞ்சியைச் சளி மருந்து என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வதே இல்லை. எந்த வகைச் சளிக்கு, நோய் தொடங்கிய எந்தக் கட்டத்தில், எந்த இஞ்சியை, எவ்வளவு கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்று எல்லாவற்றையும் சேர்த்தே அது சொல்கிறது. நிபந்தனைகளை நீக்கிவிட்டு இஞ்சியை மட்டும் எடுத்துக்கொண்டால், மிஞ்சுவது சீன வைத்தியமும் அன்று, வேறெந்த வைத்தியமும் அன்று.

இஞ்சியின் பழமையைப் பற்றி ஐயம் எதுவும் இல்லை. 1972-இல் ஹூனான் மாநிலத்தின் சாங்ஷா நகருக்கு அருகில், மாவாங்துய் என்னும் இடத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஹான் அரசமரபுக் காலத்துப் பெருமாட்டி ஒருத்தியின் கல்லறையில், பட்டைகளுக்கும் நறுமண வேர்களுக்கும் இடையே இஞ்சியும் இருந்தது. அந்தக் கல்லறை கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதற்கும் முற்பட்ட கன்பூசியஸின் உணவுப் பழக்கத்தைக் குறிக்கும் ஒரு வரி, அவர் உணவிலிருந்து இஞ்சியை விலக்கியதில்லை என்கிறது. அதை அடுத்தே, அளவுக்கு மீறி உண்டதுமில்லை என்றும் கூறுகிறது. இந்த இரண்டாவது பகுதியை நம்மில் பலர் மேற்கோள் காட்டுவதில்லை.

சளிக்கும் குளிர்காய்ச்சலுக்கும் இஞ்சியை முறையாகப் பயன்படுத்திய மிகப் பழைய மருத்துவ நூல்களில் தலையாயது 'ஷாங் ஹான் லுன்'. கீழை ஹான் ஆட்சியின் இறுதிக் காலத்தில், கி.பி. 200-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஹெனான் பகுதியைச் சேர்ந்த சாங் சோங்ஜிங் என்ற மருத்துவர் அதை எழுதினார். அவர் பெயரால் வழங்கும் முன்னுரை நெஞ்சை உருக்குவது. இருநூறு பேருக்கு மேல் இருந்த தன் குலத்தில், கி.பி. 196-க்குப் பிறகு பத்தாண்டுகள் முடிவதற்குள் மூன்றில் இரண்டு பங்கினர் மாண்டுபோனதையும், மாண்டவர்களில் பத்துக்கு ஏழு பேரைக் குளிரால் வந்த காய்ச்சலே கொண்டுசென்றதையும் அவர் அதில் பதிவு செய்திருக்கிறார். அந்த இழப்பைக் கண்டவர் எழுதிய நூல் என்பதால்தான் அதன் ஒவ்வொரு மருந்துக்கும் அத்தனை எச்சரிக்கைகள் இருக்கின்றன என்பது என் கருத்து.

அந்த நூலின் முதல் மருந்தான 'குய்ஜி தாங்' என்னும் கஷாயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் தங்கள் குறிப்பில் விடுபட்டவை எல்லாம் அதில் இருக்கின்றன. சீன இலவங்கப்பட்டை மரத்தின் இளங்கிளை, பியோனிச் செடியின் வேர், பச்சை இஞ்சி ஆகிய மூன்றும் லியாங் என்னும் பழைய சீன எடையில் மும்மூன்று; வறுத்த அதிமதுரம் இரண்டு லியாங்; நம்மவர் சிவப்புப் பேரீச்சை என்று சொல்லும் சீன இலந்தை பன்னிரண்டு. இவற்றை ஏழு ஷெங் நீரில், அதாவது இன்றைய கணக்கில் ஏறத்தாழ 1.4 லிட்டரில், மெல்லிய தீயில் வைத்து மூன்று ஷெங்காக வற்றவைத்து வடிகட்டி, அதில் ஒரு பங்கை, சுமார் 200 மில்லிலிட்டரை, பதமான சூட்டில் குடிக்க வேண்டும். குடித்த சற்று நேரத்தில், சூடான நீர்த்த அரிசிக் கஞ்சியைக் கிட்டத்தட்ட அதே அளவு குடிக்க வேண்டும். மருந்தின் வேகத்துக்கு அது துணை செய்யும் என்கிறார் ஆசிரியர். பிறகு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போர்த்திக்கொண்டு படுத்திருக்க வேண்டும்.

அடுத்து வரும் வரிகள்தாம் முக்கியமானவை. உடல் முழுதும் இலேசாக ஈரம் கசிவது போல வியர்ப்பதே நல்லது என்றும், நீர் ஓடுவது போல வியர்க்க விடக் கூடாது, அப்படி விட்டால் நோய் நீங்காது என்றும் அவர் தெளிவாக எழுதியிருக்கிறார். முதல் பங்கைக் குடித்த உடனே வியர்த்து நோய் தணிந்துவிட்டால் அத்துடன் நிறுத்திவிட வேண்டும், காய்ச்சிய மருந்து முழுவதையும் குடித்துத் தீர்க்க வேண்டியதில்லை என்றும் சொல்கிறார். மருந்து உண்ணும் காலத்தில் பச்சையானவை, குளிர்ந்தவை, பிசுபிசுப்பானவை, இறைச்சி, மாவுப் பண்டம், மது, பாலில் செய்தவை ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்லிப் பத்தியமும் வைக்கிறார். உடல் நனைய வியர்க்கும் வரை திரும்பத் திரும்பக் குடியுங்கள் என்ற தங்கள் குறிப்பின் வரியை இந்த வரிகளுக்கு அருகில் வைத்துப் பாருங்கள். பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே செய்யாதே என்று எழுதப்பட்டதை, சீன வைத்தியம் என்ற பெயரிலேயே செய்யச் சொல்லியிருக்கிறோம்.

இன்னொன்றையும் அந்த நூல் வலியுறுத்துகிறது. இந்தக் கஷாயம் காய்ச்சலோடு ஏற்கெனவே வியர்வையும் காற்றுப் பட்டால் கூசும் உணர்வும் உள்ளவர்களுக்கு உரியது. நாடி இறுகி, காய்ச்சலிருந்தும் வியர்வை வராதவர்களுக்கு இதைக் கொடுக்கக் கூடாது. அவர்களுக்கு வேறு மருந்து இருக்கிறது, அதில் இஞ்சியே இல்லை. மதுப் பழக்கம் உள்ளவர்களுக்கும் இது ஆகாது, குடித்தால் வாந்தி எடுப்பார்கள் என்று தனியாக ஒரு வரி இருக்கிறது. ஒரே சளி என்று நாம் நினைப்பதற்குள் இத்தனை வேறுபாடுகளைக் கண்டு, ஒவ்வொன்றுக்கும் வேறு வழி சொன்ன மரபு அது.

பிற்காலத்தில் இந்த வேறுபாடு மேலும் தெளிவானது. சளியைக் குளிர்க்காற்றால் வந்தது, வெப்பக்காற்றால் வந்தது என்று சீன மருத்துவர்கள் இரண்டு பெரும் பிரிவுகளாகப் பிரிக்கிறார்கள். உடல் நடுக்கம், போர்வை தேடும் குளிர், தண்ணீர் போல ஒழுகும் மூக்கு, நாக்கில் மெல்லிய வெள்ளைப் படிவு ஆகியவை முதல் வகையின் அறிகுறிகள். தொண்டைப் புண், தாகம், மஞ்சள் நிறச் சளி, நடுக்கத்தை விஞ்சிய காய்ச்சல் ஆகியவை இரண்டாம் வகையின் அறிகுறிகள். இஞ்சி முதல் வகைக்கு உரியது, அதுவும் நோய் தொடங்கிய முதல் நாளில், மேலோட்டமாக இருக்கும்போதே கொடுப்பதற்கு உரியது. இரண்டாம் வகைக்கு அதைக் கொடுப்பது எரிகிற அடுப்பில் விறகைத் திணிப்பது போன்றது. 1798-இல் வூ ஜுதோங் எழுதிய வெப்பநோய் நூலில் வரும் 'யின் சியாவ் சான்' என்ற மருந்து இரண்டாம் வகைக்கு உரியது. ஹனிசக்கிள் பூ, ஃபோர்சித்தியா காய், புதினா முதலியவை அடங்கிய அந்த மருந்தில் இஞ்சி கிடையாது. இன்றும் நம் ஊர்ச் சீன மருந்துக் கடைகளில் அது மாத்திரையாகவே விற்கப்படுகிறது. தொண்டை வலி என்று சொல்லிக் கடைக்குப் போகும் ஒருவருக்கு, அனுபவமுள்ள கடைக்காரர் இஞ்சியைப் பரிந்துரைக்க மாட்டார்.

நம் பேராக் மாநிலத்துக்கு இந்த மருத்துவம் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களில் உழைக்க வந்த சீனத் தொழிலாளர்களோடு வந்து சேர்ந்தது. இன்று பல நாடுகளில் கிளைகள் பரப்பியிருக்கும் யூ யான் சாங் நிறுவனம், 1879-இல் ஈப்போவுக்கு அருகிலுள்ள கோப்பெங்கில் ஒரு சிறு மருந்துக் கடையாகத்தான் தொடங்கியது. அத்தகைய பழைய கடை ஒன்றுக்குள் போய்ச் சிறிது நேரம் நின்று பார்த்தால், நான் சொல்ல வருவது எளிதில் விளங்கும். சுவரை மறைத்து நிற்கும் சிறு சிறு இழுப்பறைகள், ஒவ்வொன்றின் முகப்பிலும் சீன எழுத்துகள், மேசையில் மூலிகைகளை நிறுக்கும் மெல்லிய வெள்ளிக்கோல், நாளொன்றுக்கு ஒரு பொட்டலமாக மடித்து அடுக்கப்படும் தாள்கள். மருத்துவர் நோயாளியின் இரண்டு மணிக்கட்டுகளிலும் மூன்று விரல்களை வைத்து நெடுநேரம் நாடி பார்க்கிறார். நாக்கை நீட்டச் சொல்கிறார். வியர்க்கிறதா, தாகம் எடுக்கிறதா, குடிக்கச் சூடானது பிடிக்கிறதா குளிர்ந்தது பிடிக்கிறதா, இரவில் வெளிக்குப் போனது எப்படி என்று கேட்கிறார். அத்தனை கேள்விகளுக்குப் பிறகே இழுப்பறைகள் திறக்கப்படுகின்றன.

அங்கே ஒரு சிறு வழக்கம் என் கவனத்தை எப்போதும் ஈர்க்கும். நிறுத்துக் கட்டிய பொட்டலத்தில் பச்சை இஞ்சி பெரும்பாலும் இருக்காது. வீட்டில் மருந்தைக் காய்ச்சும்போது மூன்று துண்டு இஞ்சியை நறுக்கிப் போட்டுக்கொள்ளுங்கள் என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்புவார்கள். மூன்று துண்டு என்பது அவர்களுடைய மருந்துச் சீட்டுகளில் தொன்றுதொட்டு வரும் அளவு. சீன அரசின் அதிகாரபூர்வ மருந்தியல் நூல் பச்சை இஞ்சிக்கு ஒரு நாளைய அளவாக 3 முதல் 10 கிராம் வரை வகுத்திருக்கிறது. கைப்பிடி இஞ்சியைத் தட்டிப் போட்டுக் காரத்தில் கண் கலங்கக் குடிப்பதை வீரமாகக் கருதும் நம் வீட்டு வழக்கத்துக்கும் அந்த அளவுக்கும் எவ்வளவு தூரம் என்பதைப் படிப்பவர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இஞ்சியோ சுக்கோ எதுவாயினும் சரி என்ற வரிக்கு இப்போது வருகிறேன். அந்த வரியை எழுதியவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நம் வீடுகளில் சளி என்றாலே சுக்குதான், சுக்கு மல்லிக் காப்பிதான். ஆனால் சீன மருத்துவத்தில் பச்சை இஞ்சியும் உலர்ந்த இஞ்சியும் இரண்டு தனித்தனி மருந்துகள். மருந்தியல் நூல்களில் இரண்டு தனித்தனிப் பிரிவுகளில் வைக்கப்படுபவை. பச்சை இஞ்சி, தோலின் வழியாக நோயை வெளியேற்றும் மருந்துகளின் கூட்டத்தைச் சேர்ந்தது. உலர்ந்த இஞ்சி, உள்ளே வயிற்றையும் குடலையும் சூடாக்கும் மருந்துகளின் கூட்டத்தைச் சேர்ந்தது. கை கால் சில்லிட்டு, உயிர்ச்சூடு குன்றும் நிலையில் கொடுக்கும் கடுமையான மருந்துகளில் அது இடம்பெறுகிறது. இஞ்சியைத் தணலில் சுட்டால் ஒரு குணம், கருக வறுத்தால் வேறொரு குணம் என்றும் அவர்கள் பிரிக்கிறார்கள். இஞ்சித் தோலைக்கூடத் தனி மருந்தாகவே வைத்திருக்கிறார்கள். சதை சூடு, தோல் குளிர்ச்சி என்பது அவர்கள் கொள்கை. சுக்குக்குப் புறநஞ்சு என்று சொல்லித் தோலைச் சீவும் நம் சித்த மருத்துவ மரபுக்கும் இதற்கும் உள்ள நெருக்கத்தை எண்ணி நான் வியந்ததுண்டு. இரு மரபுகளும் ஒரே கிழங்கைக் கூர்ந்து பார்த்திருக்கின்றன. ஆயினும் நம் சுக்குக் கஷாயத்தைச் சீனர்களின் பெயரில் எழுதுவது இரு மரபுக்கும் நீதி செய்வதாகாது.

இந்த வேறுபாட்டில் வேதியியலும் இருக்கிறது. பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணமான ஜிஞ்சரால் என்னும் பொருள்கள், உலர்த்தும்போதும் சூடாக்கும்போதும் நீரை இழந்து ஷோகால் என்னும் வேறு பொருள்களாக மாறுகின்றன. ஷோகாலின் காரம் ஜிஞ்சராலைவிட அதிகம். ஆகவே சுக்கு என்பது வெறுமனே ஈரம் வற்றிய இஞ்சி அன்று. தைவானின் காவ்சியுங் நகர ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், மூச்சுக்குழாய்த் தொற்றை உண்டாக்கும் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மனித உயிரணுக்களைத் தாக்குவதைப் பச்சை இஞ்சிச் சாறு தடுத்தது. உலர்ந்த இஞ்சிச் சாறு தடுக்கவில்லை. இது கண்ணாடிக் கிண்ணத்தில் நடந்த சோதனை. மனிதர் குடித்துச் சளி குணமானதற்குச் சான்று அன்று. அந்த எல்லையைத் தாண்டி அதற்குப் பொருள் கற்பிப்பதை நான் ஏற்க மாட்டேன்.

நவீன மருத்துவம் பயின்றவள் என்ற முறையில் வாசகர்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. சளியை உண்டாக்கும் வைரஸ்கள் இருநூறு வகைகளுக்கும் மேல். அவற்றில் எதையும் இஞ்சி நீர் மனித உடலில் அழிப்பதாக இன்றுவரை நிறுவப்படவில்லை. சளிக்கான சீன மூலிகை மருந்துகள் பற்றிய ஆய்வுகளை 2007-இல் தொகுத்துப் பார்த்த கோக்ரேன் அமைப்பு, அந்த ஆய்வுகளின் தரம் குறைவாக இருப்பதால் எதையும் பரிந்துரைக்கத்தக்க உறுதியான சான்று இல்லை என்ற முடிவுக்கே வந்தது. சாதாரணச் சளி ஏழு முதல் பத்து நாள்களில் தானாகவே தணிந்துவிடும் என்பதால், இடையில் எதைக் குடித்தாலும் அதுவே குணப்படுத்தியதாகத் தோன்றுவது இயல்பு.

அதற்காக இஞ்சி நீரால் கிடைக்கும் ஆறுதலைப் பொய் என்று நான் ஒதுக்கவில்லை. பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகச் சளி ஆய்வு மையம் 2008-இல் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வில், சூடான பழச்சாற்றைக் குடித்த சளி நோயாளிகளுக்கு மூக்கொழுகல், இருமல், தும்மல், தொண்டை வலி, குளிர், சோர்வு ஆகியவை உடனடியாகத் தணிந்தன. அதே சாற்றை அறைச் சூட்டில் குடித்தவர்களுக்குத் தொண்டை வலியும் குளிரும் சோர்வும் தணியவில்லை. மூக்கின் வழியே செல்லும் காற்றை அளந்து பார்த்தபோது இரு பிரிவினரிடமும் மாற்றம் இல்லை. இருந்தும் நோயாளிக்கு இதம் கிடைத்தது. இஞ்சியின் காரத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. சூட்டையும் மிளகாய்க் காரத்தையும் உணரும் நரம்பு வாயிலை 1997-இல் கண்டறிந்ததற்காக டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. ஜிஞ்சராலும் ஷோகாலும் அதே வாயிலைத் தூண்டுகின்றன. நடுங்கும் உடலுக்கு உள்ளிருந்து வெப்பம் பரவும் உணர்வு அதனால் எழுகிறது. கஞ்சி, போர்வை, இரண்டு மணி நேரப் படுக்கை ஆகியவற்றோடு அதைச் சேர்த்துப் பார்த்தால், ஹான் காலத்து மருத்துவர் வகுத்த முறை நோயாளிக்கு நீரும் எளிய உணவும் ஓய்வும் கொடுக்கும் ஏற்பாடாகவே எனக்குத் தெரிகிறது. ஓய்வை விட்டுவிட்டு, இஞ்சி நீரைக் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிறவர் அதன் பெரும்பகுதியை இழந்துவிடுகிறார்.

இன்றைய சீன வீடுகளில் இந்த வைத்தியம் பல வடிவங்களில் வழங்குகிறது. இஞ்சியோடு வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதியைச் சேர்த்துக் காய்ச்சுவது, இஞ்சியும் கருஞ்சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சுவது, இஞ்சி போட்ட வெந்நீரில் பாதங்களை ஊறவைப்பது என்பவை பழையவை. வெங்காயத்தாளும் நொதித்த சோயா அவரையும் சேர்ந்த கஷாயத்தை நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் தம் அவசரகால மருத்துவ நூலில் எழுதியிருக்கிறார். ஹாங்காங்கிலும் சீனாவிலும் கோலா பானத்தில் இஞ்சிச் சீவல்களைப் போட்டுக் கொதிக்கவைத்துக் குடிப்பது அண்மைக்கால வழக்கம். இதை நம் வாசகர்கள் பின்பற்றுவதில் எனக்குக் கவலை உண்டு. 330 மில்லிலிட்டர் கோலாவில் ஏறத்தாழ 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. 2019-இல் எடுக்கப்பட்ட தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடையே அந்த விகிதம் இன்னும் அதிகம். சளி பிடித்திருக்கும்போது இரத்தச் சர்க்கரை தானே ஏறும். அந்த நேரத்தில் கருஞ்சர்க்கரைக் கஷாயமும் கொதித்த கோலாவும் நீரிழிவு உள்ள நம் பெரியவர்களுக்கு மருந்தாக மாட்டா.

என்னை இந்தக் கடிதம் எழுதத் தூண்டியது, தங்கள் குறிப்பின் இறுதியில் வந்த எந்தக் காய்ச்சலும் என்ற இரு சொற்கள். நாம் வாழ்வது டிங்கி காய்ச்சல் ஆண்டு முழுவதும் இருக்கும் நாட்டில். டிங்கியும் குளிரோடும் உடல்வலியோடும்தான் தொடங்குகிறது. முதல் நாளில் அதைச் சளிக்காய்ச்சல் என்று எண்ணுவது எளிது. காய்ச்சல் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் இறங்கும்போதுதான் நோயின் ஆபத்தான கட்டம் தொடங்குகிறது. இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, ஓரிரு நாளுக்குள் நோயாளி அதிர்ச்சி நிலைக்குப் போகலாம். இஞ்சி நீரை நம்பி வீட்டில் இருப்பவருக்கு, அந்த நாளில் காய்ச்சல் இறங்குவது வைத்தியம் பலித்ததாகவே தோன்றும். வயிற்று வலியையும் வாந்தியையும் காரத்தால் வந்தவை என்று நினைப்பார். அதற்கு மேல், நனைய நனைய வியர்க்க வைத்து உடலின் நீரையும் வெளியேற்றியிருப்பார். மருந்தகச் சாளரத்துக்கு வெளியே, காய்ச்சல்தான் விட்டுவிட்டதே, பிறகு எப்படி இப்படி ஆயிற்று என்று கேட்டு நின்ற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் குடித்தது இஞ்சியா, பப்பாளி இலையா, வெறும் வெந்நீரா என்பது முக்கியமில்லை. காய்ச்சல் இறங்கினால் நோய் போயிற்று என்ற நம்பிக்கையே அவர்களைத் தாமதப்படுத்தியது. அந்த நம்பிக்கைக்கு நம் நாளிதழ் துணை போகக் கூடாது.

சீன மருத்துவர்களே பெருந்தொற்றுக் காலத்தில் இஞ்சியைத் தனி மருந்தாக நம்பவில்லை. 2020-இல் கொரோனா நோயாளிகளுக்குச் சீனாவில் பரிந்துரைக்கப்பட்ட 'சிங்ஃபெய் பாய்து தாங்' என்ற கஷாயத்தில் பச்சை இஞ்சியும் இருந்தது. இருபத்தொரு பொருள்களில் அது ஒன்று, கொடுத்தவர்கள் மருத்துவர்கள். இஞ்சியின் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு, சீனர்கள் இஞ்சியால் கொரோனாவை வென்றார்கள் என்று அந்நாள்களில் வாட்ஸ்அப்பில் சுற்றிய செய்திகளை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மருந்து உட்கொள்பவர்கள் இஞ்சியை மருந்தளவில் எடுத்துக்கொள்வதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். சமையலில் சேரும் இஞ்சியைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. பித்தப்பைக் கற்கள் உள்ளவர்களுக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு இஞ்சிச் சாற்றில் தேன் கலந்து கொடுக்கவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகை நுண்ணுயிர் வித்துகள் அந்த வயதுக் குடலில் நஞ்சை உண்டாக்கும். கருவுற்ற பெண்களின் குமட்டலுக்கு இஞ்சி உதவுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த சீன மருத்துவர் சுன் சிமியாவ் வாந்தி நோயாளிகளுக்கு இஞ்சியே தெய்வ மருந்து என்று சொன்னதாக ஒரு வழக்கும் உண்டு. சளியைவிட அந்தத் துறையில்தான் இஞ்சிக்கு வலுவான சான்று இருக்கிறது. தங்கள் மருத்துவப் பக்கம் அதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டால் பலருக்குப் பயன்படும்.

ஆசிரியர் அவர்களே, நான் கேட்டுக்கொள்வது இதுதான். அந்தக் குறிப்பு வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், விடுபட்ட வரிகளை வெளியிடுங்கள். குளிரும் நடுக்கமும் நீர் ஒழுகும் மூக்கும் உள்ள முதல் நாளில், பச்சை இஞ்சியில் மூன்று துண்டு போட்டுக் காய்ச்சி, சூடாக ஒரு குவளை குடித்து, கஞ்சி அருந்தி, போர்த்திப் படுத்து, இலேசாக வியர்த்ததும் நிறுத்துவதே சீனர்கள் சொன்ன முறை என்று எழுதுங்கள். தொண்டைப் புண்ணும் தாகமும் உள்ளவர்களுக்கு அவர்கள் அதைக் கொடுப்பதில்லை என்று எழுதுங்கள். சீன மருத்துவம் பார்க்க விரும்புபவர்கள், 2016 பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றவரிடம் போய் நாடி காட்டட்டும். மேலும், இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தாலும், காய்ச்சல் விட்ட பிறகு வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, எழ முடியாத சோர்வு ஆகியவற்றில் எது தெரிந்தாலும், அடுப்பை அணைத்துவிட்டு அன்றைக்கே இரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்ற வரியை எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியாகப் போடுங்கள். இத்தகைய குறிப்புகளை இனி அச்சேற்றும் முன் ஒரு மருந்தாளரிடமோ மருத்துவரிடமோ காட்டும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டால், ஓய்வு பெற்ற எங்களில் பலர் ஊதியமின்றி அந்தப் பணியைச் செய்து தர ஆயத்தமாக இருக்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஈப்போ, பேராக்.